பாதி மேட்டில் ஒரு டீ

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "ஏங்க, இது வேணுமா, இல்ல அடுப்புல போடவா?" என்று கேட்டாள் மேரி. நாலாக மடித்த வெள்ளைத் தாள். பிரித்தால் நடுவில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த கறுப்புப் பட்டை, அதற்குள் வெள்ளையாகத் தெரியும் எண்கள். எஞ்சின் நம்பரின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த அச்சு. பிடுங்காத குறையாக அவளிடமிருந்து வாங்கினேன். கட்டைவிரலில் பென்சில் கரி ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். பழைய எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் தாளில் இன்னும் இருக்கிறது. நீ வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வரும்போது உன் பனியனில் அடிக்குமே, அதே வாசம்.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இண்டூருக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவில் கடலா கிடக்கிறது, எழுதிக்கொண்டிருக்க? ஒரு போன் போட்டால் முக்கால் மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்பாய். மற்றவர்கள் அரை மணியில் வந்துவிடுவார்கள், நீ வருவது உன் வண்டியில் என்பதால் முக்கால் மணி. இப்போது போன் போட வழியில்லை. ஆனால் உன்னை நன்றாக நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நம் இரண்டு பத்மினிக் காரும் ஒரே மாதத்தில் பதிவானவை. உன்னுடையது வெள்ளை, என்னுடையது பச்சை. இப்போது வருகிற கார்களைப் பார்த்தால் அவற்றைக் கார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஏசி கிடையாது, பாட்டு கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். கியர் ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் ஒரு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட்டு ஒரே பெஞ்சு, மூன்று பேர் தோளை இடித்துக்கொண்டு உட்காரலாம். அறுபதைத் தாண்டினால் கதவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச ஆரம்பிக்கும். ஆனால் கதவோரத்தில் அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவைத்தால் நெஞ்சுக்கு நேராக அடிக்கும் பார் ஒரு காற்று, அதற்கு ஈடாக ஒரு ஏசியும் எனக்குத் தெரியவில்லை.

நீ அதைக் காராகவா வைத்திருந்தாய்? பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, தக்காளிக் கூடைகளை அடுக்கி மார்க்கெட்டுக்கு ஓட்டினாய். ஒரு மழைக்காலத்தில் பின்கதவு ஓரம், காலடி விரிப்புக்கு அடியிலிருந்து தக்காளிச் செடி ஒன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதைப் பிடுங்க உனக்கு மனசே வரவில்லை. "இருக்கட்டும்யா, காய்க்கிதான்னு பாப்போம்" என்று பத்து நாள் தண்ணீர் ஊற்றினாய். உன் மகள் கோமதி அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காரில் வந்து இறங்க மாட்டேன் என்று அழுதாளே, ஞாபகம் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு உன்னைப் பற்றி எழுத முடியாது. நான் முதல் பூசை முடித்து வருவேன். நீ மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வருவாய். நல்லம்பள்ளியில் சேர்ந்து இரண்டு வண்டியும் தொப்பூர் இறக்கத்தில் இறங்கி, கீழே திரும்பி, மறுபடியும் மேடு ஏறி வீடு வந்து சேரும். காரியம் ஒன்றும் கிடையாது. மேரி ஒருநாள் உன்னிடமே கேட்டாள், "எதுக்குண்ணா வெறுமனே போய்ட்டு வர்றீங்க?" என்று. "வண்டிக்கு ஏறுற பழக்கம் விட்டுப்போயிடும்லம்மா" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாய்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாய். மெதுவாகப் போகும் வண்டிதான் முன்னால் போக வேண்டும். "வேகமா போறவன் முன்னால போனா ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் போவோம். அதுக்கு எதுக்கு சேர்ந்து வரணும்?" என்பாய். அப்போதெல்லாம் இரண்டு வண்டியும் ஒரே மாதிரி மெதுவாகப் போகிறவை. அதனால் ஒரு வாரம் நீ முன்னால், ஒரு வாரம் நான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, முன்னால் போவது என்னுடைய முறை. சேலத்தில் உன் கிணற்று மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம். சரியான வெயில். பாதி மேட்டில் என் வண்டி கொதித்து, பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினோம். நீ ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாய். "மூடியத் தொட்றாத. ஆறட்டும்யா. அதுக்கும் மூச்சு வாங்கும்ல? நான் போய் டீ சொல்லிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாய்.

எனக்கு அவசரம். தர்மபுரியில் ஒரு கல்யாண வரவேற்பு. யாருடையது என்று இப்போது சத்தியமாக நினைவில்லை. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, லாரிக்காரர்களுக்காக ரோட்டோரம் வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீரை மொண்டு வந்து மடமடவென்று ஊற்றினேன். உள்ளே எங்கேயோ சிலேட்டு உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ இரண்டு டீ கிளாஸோடு திரும்பி வந்தாய். என் கையில் இருந்த காலிக் குடத்தைப் பார்த்தாய். டீயை நீட்டினாய்.

உனக்குத் தெரிந்த தக்காளி லாரிக்காரர்தான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக் மாதையனின் ஷெட்டில் விட்டார். மாதையன் எஞ்சினை இறக்கிப் பார்த்துவிட்டு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். நீ என்னிடம் வந்து, "கேஸ்கெட் தகடுதான் போயிருக்குது. சரி பண்ணிடலாம். நாளாவும்" என்றாய்.

நாளாகும் என்றதும் விரல்விட்டு நாளை எண்ணினேன். மேரிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்து பிழைத்து எழுந்த வருடம் அது. அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, இவளைத் திருப்பிக் கொடுத்தால் என் வண்டியிலேயே வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். புறப்பட இன்னும் பத்தே நாள். நீ உன் வண்டியை எடுத்துப் போகச் சொன்னாய். நான் மறுத்தேன். என் வண்டியில் என்றுதான் வேண்டினேன், நண்பன் வண்டியில் என்று இல்லை. எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் பிடிவாதம் உண்டு, பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவன் இல்லையா, விண்ணப்பத்தில் ஒரு சுழி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பியவன்.

அப்போது நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "உன் வண்டின்னுதான வேண்டுன? எஞ்சின் யாருதுன்னு மாதா பானெட்டத் தொறந்தா பாக்கப் போவுது?"

அடுத்த நாளே உன் வெள்ளை வண்டியின் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி என் பச்சை வண்டியில் மாட்ட வைத்தாய். நான் மேரியை முன்சீட்டில் உட்காரவைத்து வேளாங்கண்ணிக்கு ஓட்டினேன். வழி முழுக்க ஒரு முறைகூட அது தும்மவில்லை. திரும்பி வந்து பார்த்தால் என் எஞ்சின் உன் வண்டிக்குள் ஏறியிருந்தது. "நல்லா ஓடுதுய்யா. அப்பறமா மாத்திக்கலாம்" என்றாய். நான் கேட்கும்போதெல்லாம் உனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அறுவடை முடியட்டும், மாதையன் ஊரில் இல்லை, மழை விடட்டும். அந்த மாதம்தான் இரண்டு வண்டியின் பதிவையும் புதுப்பித்திருந்தோம். அதனால் ஐந்து வருடம் யாரும் நம்பரைக் கேட்கவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நீதான் முன்னால். உன் வண்டி மேட்டில் முனகிக்கொண்டு ஏறும். பின்னாலிருந்து நான் ஹாரன் அடிப்பேன். இறங்கினதும் கிண்டல் செய்வேன். "யோவ், இண்டூர் மாட்டு வண்டி முந்திடும்யா உன்ன. வயசாயிடுச்சு, ஆக்சிலேட்டர மிதிக்கக் காலு வரல உனக்கு" என்பேன். "ஆமாய்யா, வயசாயிடுச்சு" என்று ஒப்புக்கொள்வாய். தவறாமல் பாதி மேட்டில் நிறுத்துவாய். "டீ குடிச்சிட்டுப் போலாம்." உனக்கு டீப் பைத்தியம் என்றே நினைத்தேன். லாரி டிரைவர்கள் வந்து நம் வண்டிகளைத் தடவிப் பார்ப்பார்கள். எங்க அப்பாரு இதே மாதிரி வச்சிருந்தாருங்க, எங்க கல்யாணத்துக்குப் பொண்ண அழைச்சதே இதுலதான் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நீ அவர்கள் ஒவ்வொருவரையும் இன்னொரு கதை சொல்ல வைப்பாய். நேரம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் என்னிடம், "இந்த கிளாஸக் குடுத்துட்டு வா" என்பாய். நான் கொடுத்துவிட்டு வருவதற்குள் நீ ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பாய். உன் வண்டிக்கு முன்னால் மண் ஈரமாக இருக்கும். ஒருநாள் கேட்டதற்கு, "கண்ணாடி தொடச்சேன்" என்றாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் நெஞ்சு வலி என்றார்கள். தர்மபுரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். நீ வாழ்நாளில் ஏறியதிலேயே வேகமான வண்டி அதுதான். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக் கொட்டகையில் வெள்ளை வண்டி தார்ப்பாய் போட்டு நின்றது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன், அழக்கூட வரவில்லை அன்றைக்கு.

போன மாதம் கோமதி வந்தாள். அந்தக் காரில் இறங்க மாட்டேன் என்று அழுத அதே கோமதி, இப்போது ஓசூரில் வேலை. "பெரியப்பா, அப்பா வண்டிய விக்க வேணாம்ங்க. என் பேருக்கு மாத்திக் குடுங்க, நானே ஓட்டறேன்" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதிவும் புதுப்பிக்க வேண்டும், பெயரும் மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் நம்பரின் பென்சில் அச்சு வேண்டும். மாதையனின் ஷெட்டுக்குப் போனோம். அவன் பிசுக்கைத் துடைத்து, தாளை வைத்துத் தேய்த்து என் கையில் கொடுத்தான். கோமதி பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "நம்பரே வேறயா இருக்குதுங்களே பெரியப்பா!" என்றாள்.

என் நம்பர்தான். நான் மறந்தே போயிருந்தேன். வேளாங்கண்ணிக் கதையை அவளுக்குச் சொன்னேன். சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டாள்.

இரண்டு வழி இருந்தது. எஞ்சின்களைக் கழற்றி அதனதன் வண்டிக்கே திருப்பிவிடலாம். இல்லையென்றால் எஞ்சின் மாறியதாக எழுதிக் கொடுத்து, இருப்பது இருக்கிறபடியே புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். கிளார்க் புத்தி உடனே இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. "எதுக்கும்மா நோண்டிக்கிட்டு? காயிதத்துல முடிச்சிடலாம்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க பெரியப்பா. எங்க கையெழுத்து போடணும்?" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அலைச்சலுக்காக அப்படிச் சொல்லவில்லை. உன் எஞ்சினை என்னால் விட முடியவில்லை. தினமும் காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால், உன் வண்டியின் சத்தம் என் வாசலில் கேட்கும். நீ போனதிலிருந்து அதைக் கேட்டுத்தான் நான் நாளைத் தொடங்கினேன். அதைப் போய் எப்படிக் கொடுப்பது?

கோமதி தண்ணீர் குடிக்கப் போனதும் மாதையன் என் பக்கத்தில் வந்து நின்றான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும்ங்க. அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா அந்தப் புள்ள ஓட்டப் போவுது."

"என்ன?"

"அது கேஸ்கெட் இல்லீங்க. எஞ்சின் பிளாக்கே, அந்த இரும்பு ஒடம்பே வெடிப்பு வுட்டுருச்சு. நீங்க பச்சத் தண்ணி ஊத்துன அன்னிக்கே. என்னால ஆனத அடைச்சேன். சும்மா ஓட்டுனா ஒண்ணும் தெரியாதுங்க. மேடு ஏறிச் சூடாச்சுன்னா தண்ணி கசியும். அண்ணன் டிக்கியில ரெண்டு கேன் தண்ணி வச்சிருந்தாரு. பாதி மேட்டுல நிறுத்தி, நல்லா ஆறவுட்டு ஊத்திக்குவாரு. அவரு அளவுக்குப் பொறுமையா ஓட்டுனா அது இன்னும் பத்து வருசம் ஓடும்ங்க. தெரியாதவங்க கையில ஒரு மாசம் தாங்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லலயாம்?"

"கேட்டேங்க. 'தன் கையாலயே வண்டியக் கொன்னுட்டோம்னு தெரிஞ்சா அவன் அப்பறம் ஸ்டியரிங்கயே தொட மாட்டான்டா'ன்னாரு."

ஷெட்டில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! நான் பின்னாலிருந்து ஹாரன் அடித்தேன். காலு வரலையா என்று கேட்டேன், மாட்டு வண்டி என்றேன். என்னை உன் நல்ல எஞ்சினில் உட்காரவைத்து, நான் உடைத்ததை நீ மேடு ஏற்றிக்கொண்டிருந்தாய். ஏன்யா, உனக்கு வாய் இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுதிருப்பேன், ஒரு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்திருப்பேன், அப்புறம் வந்திருப்பேன். இல்லை, வந்திருக்க மாட்டேன். உனக்கு என்னைத் தெரியும். அதுதான் எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்து மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு எஞ்சின்லதான நான் மாதா கோயிலுக்குப் போனேன். நேர்த்திக்கடன் அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

மூன்று நாள் ஆயிற்று மாற்றிப் பூட்ட. கோமதிக்குக் காரணம் சொல்லவில்லை. "உங்கப்பன் வண்டியில உங்கப்பன் எஞ்சின் இருந்தாத்தாம்மா நல்லாருக்கும்" என்றேன், அவளும் நம்பினாள். சங்கிலியில் உன் எஞ்சின் என் வண்டியிலிருந்து மேலே எழும்பியபோது, ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அதைத் தொட்டுக்கொண்டேன். மாதையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு உன் டிக்கியிலிருந்து இரண்டு தண்ணீர்க் கேன்களையும் எடுத்து, கேட்காமலே என் டிக்கியில் வைத்தான். ஒன்றின் மூடியைச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறாய். எண்களும் இப்போது சரியாக இருக்கின்றன. முதலில் எடுத்த அந்தத் தப்பு நம்பர் தாள் மட்டும் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் மேரி அடுப்பில் போடப் பார்த்தாள். பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி ஓசூரிலிருந்து வந்திருந்தாள். பூசை முடிந்து இரண்டு வண்டியிலுமாகத் தொப்பூரில் இறங்கித் திரும்பினோம். உன் சட்டப்படி நான் முன்னால். மேட்டில் என் வண்டி முனகியது. கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளை வண்டி கொஞ்சமும் மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் பொறுக்க முடியாமல் கோமதி ஹாரன் அடித்தாள். உன் ஹாரன், உன் சத்தம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடி தாயி, நல்லா அடி.

சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பாதி மேட்டில் ஓரம் கட்டினேன். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கோமதி இறங்கி வந்தாள்.

"என்னங்க பெரியப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு! மாட்டு வண்டி மாதிரி போறீங்க. ஏன் நிறுத்திட்டீங்க, வண்டி ஏறலீங்களா?"

"ஆமாம்மா, வயசாயிடுச்சு" என்றேன். "டீ குடிச்சிட்டுப் போலாம்."

குடித்தோம். ஒரு லாரிக்காரர் வந்து வெள்ளை வண்டியைத் தடவிப் பார்த்தார். அவரை இன்னொரு கதை சொல்ல வைத்தேன். பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், இன்னும் சூடு. அவரை இன்னும் ஒரு கதை சொல்ல வைத்தேன். மறுபடி கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கோமதியிடம் திரும்பினேன்.

"இந்த கிளாஸக் குடுத்துட்டு வாம்மா."

அவள் கடைப் பக்கம் நடந்தாள். நான் போய் டிக்கியைத் திறந்தேன்.